சைக்கிள் சங்கத்தின் குழவிக்கல்

கிணத்துக்கடவைத் தாண்டி வடக்கே இரண்டு மைல் நடந்திருப்பேன், இடது கால் செருப்பின் வார் அறுந்தது. அதைத் தூக்கி எறிந்தேன். பிறகு நல்லதையும் எறிந்தேன். ஒற்றைச் செருப்போடு நடப்பதைவிட வெறுங்காலோடு நடப்பது சுலபம் என்பது எனக்கு முன்பே தெரியும். மார்கழி மாதம். இன்னும் விடியவில்லை. தார் ரோடு குளிர்ந்து கிடந்தது. முந்தின நாள் மத்தியானம் சாப்பிட்டதுதான். கடைகள் திறப்பதற்கு முன்பே கிளம்பிவிட்டேன்.

அதுவரை ஒரு கொப்பரைக் களத்தில் இருந்தேன். காயப்போட்ட தேங்காய்ப் பருப்பைக் காக்காய் தூக்காமல் பார்த்துக்கொள்வது வேலை. காக்காய் வந்தால் விரட்டச் சொல்லியிருந்தார்கள். காளை வந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. வந்தது காங்கேயம் காளை. நான் குச்சியை ஓங்கினேன். அது என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நிதானமாகத் தின்று முடித்தது. சாயங்காலம் களத்துக்காரர் என்னைக் கூப்பிட்டார்.

"கண்ணு, நாளையிலிருந்து நீங்க வராம இருந்தீங்கன்னா எனக்கு நெம்பச் சௌகரியமுங்க."

திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன். இப்படிச் சொன்னால் "சரிங்க" என்பதைத் தவிர வேறு என்ன சொல்வது? எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, அதற்குப் பிறகு எந்த ஊரிலும் ஒரு பொங்கலுக்கு மேல் இருந்ததில்லை. தொண்ணூறுகளில் கோயம்புத்தூரில் எந்தச் சந்தில் நுழைந்தாலும் ஒரு பட்டறை இருக்கும். ஏதாவது ஒன்றில் ஆள் தேவைப்படும் என்று நடந்துகொண்டிருந்தேன்.

பின்னால் விசில் சத்தம் கேட்டது. பஸ் கண்டக்டர் ஊதுவது போன்ற விசில். திரும்பிப் பார்த்தால் பனிமூட்டத்துக்குள் பத்துப் பன்னிரண்டு டைனமோ விளக்குகள். எல்லாம் சைக்கிள்கள். ஓட்டியவர்கள் எல்லோரும் நடுத்தர வயதுக்காரர்கள். குரங்குக் குல்லா, மப்ளர், ஸ்வெட்டர். விசில் ஊதியதும் ஒரே நேரத்தில் கீழே இறங்கினார்கள். அதில் பருமனான ஒருவர் மட்டும் ஓரமாகப் போய் வாந்தியெடுத்தார்.

"பதினாலு இட்லி," என்று என் பக்கத்தில் நின்றவர் சொன்னார். கோட்டைமேட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாய் அவர். "ஓட்டல்காரன் வேண்டாம் வேண்டாம்னு சொன்னான் தம்பி. கேக்கல."

ஞாயிறுதோறும் விடிவதற்குள் ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரும் சங்கமாம் அது. வெயில் காலத்தில் ஓட்டமாட்டார்களாம். குளிரில் ஓட்டினால்தான் கஷ்டமாக இருக்கும், கஷ்டமாக இருந்தால்தான் உடம்புக்கு நல்லது என்றார் பாய். எனக்குப் புரியவில்லை. கஷ்டத்தைத் தேடி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போகிறவர்களை நான் அதுவரை பார்த்ததில்லை.

பொள்ளாச்சியிலிருந்து வந்த பஸ்ஸை நிறுத்தி வாந்தியெடுத்த இட்லிக்காரரை ஏற்றினார்கள். பஸ் மேலே முழுக்கத் தேங்காய் மூட்டை. சைக்கிளுக்கு இடமில்லை என்று சொல்லி கண்டக்டர் கதவைச் சாத்திவிட்டார். சைக்கிள் ரோட்டில் நின்றது. அதன் கேரியரில் சாக்கு சுற்றி, டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டிய ஏதோ ஒன்று இருந்தது.

சங்கத்தின் தலைவர் என்னைப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும். அந்தக் கூட்டத்தில் கியர் வைத்த சைக்கிள் அவரிடம் மட்டும்தான் இருந்தது. துடியலூர் பக்கம் கிரைண்டர் செய்யும் பட்டறை வைத்திருந்தார்.

"ஏனுங்க தம்பி, சைக்கிள் ஓட்டுவீங்களா?"

"ஓட்டுவேனுங்க."

"எங்க போறீங்க?"

"வேலை தேடிப் போறேனுங்க."

அவர் என் வெறுங்காலைப் பார்த்தார். பிறகு சைக்கிளைப் பார்த்தார்.

"இதை ஊருக்குக் கொண்டுவந்து சேத்துப்போடுங்க. எங்க சட்டம் ஒண்ணு இருக்குதுங்க. நான் விசில் ஊதாம யாரும் காலைத் தரையில ஊனக்கூடாது. மொதல்ல ஊனறவரு அந்தக் கல்லை ஊட்டுக்குக் கொண்டுபோய் வெச்சிருந்து, அடுத்த ஞாயித்துக்கிழமை தூக்கிட்டு வரோணும். நீங்க ஊனாம ஊர் வந்து சேந்தீங்கன்னா நாளைக்குக் காலைல பட்டறைக்கு வாங்க. வேலை போட்டுத் தாரேன்."

"ஊனிட்டா?"

"ஊனிட்டா கல்லு உங்குளுதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு வேலை வேண்டும்.

சாக்குக்குள் இருந்தது கிரைண்டரின் குழவிக்கல். ஓரத்தில் சில்லு பெயர்ந்ததால் விற்க முடியாமல் பட்டறையிலேயே கிடந்ததாம். எட்டுக் கிலோ இருக்கும். ஏறி உட்கார்ந்ததும் சைக்கிள் முன்சக்கரத்தைத் தூக்கப் பார்த்தது.

இன்னொரு சட்டத்தையும் போகப் போகத் தெரிந்துகொண்டேன். யாரையாவது முந்த வேண்டுமென்றால் முதலில் கேட்க வேண்டும். "ஏனுங்க, சித்தே போயிக்கட்டுங்களா?" என்று கேட்டால், அவர் "போங்க போங்க" என்று ஒதுங்குவார். முந்தியவர் ஒரு பர்லாங் போனதும் மரியாதைக்கு வேகத்தைக் குறைத்து, "நீங்க வாங்க" என்று அவரையே முன்னால் விடுவார். இதனால் யாரும் யாரையும் முந்தியதாக ஆகவில்லை. ஆனால் எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. தலைவரை மட்டும் யாரும் முந்தக்கூடாது. கேட்கவே கூடாது.

கொஞ்ச தூரத்தில் ஒரு பிரிவு வந்தது. கோயம்புத்தூருக்கு நேராக வடக்கே போக வேண்டும். பனிமூட்டத்தில் தலைவர் வலது பக்கம் திரும்பினார். எனக்கு அந்த ரோடுகள் தெரியும், நடந்தே போயிருக்கிறேன். தப்பு என்று உடனே தெரிந்தது. முன்னால் இருந்த பத்துப் பேரும் ஒருவர் பின் ஒருவராக வலது பக்கம் திரும்பினார்கள். நானும் திரும்பினேன்.

"பாய், இது கெழக்கே போற ரோடு இல்லீங்களா?"

"ஆமா."

"ஊரு வடக்க இருக்குதுங்களே?"

"தலைவருக்கு ஏதாவது ரோசனை இருக்கும் தம்பி. சொல்லாம செய்வாரு."

"யாராவது கேக்கலாமில்லீங்க?"

"கேக்கோணும்னா அவரு பக்கத்துல போவோணும். பக்கத்துல போனா முந்தற மாதிரி ஆயிரும். நீ போய்க் கேளு, புதுசா வந்தவன்தான."

கேட்டிருக்கலாம். ஆனால் வேலை கொடுக்கிறேன் என்று சொல்லி கால்மணி நேரம்கூட ஆகாத ஒருவரிடம் போய் "உங்களுக்கு வழி தெரியலீங்க" என்று எப்படிச் சொல்வது? பேசாமல் மிதித்தேன்.

கீழ்க்காற்று எதிரே அடித்தது. மப்ளர்கள் எல்லாம் பின்னால் பறந்தன. காதுக்குள் ஊசி குத்தியது. பெடல் கட்டையில் பாதம் மரத்துப்போய், கால் இருக்கிறதா என்று அடிக்கடி குனிந்து பார்த்துக்கொண்டேன். பனி விலகியது. சூரியன் வந்தது. வடக்கே போகிறவனுக்கு விடிகாலைச் சூரியன் வலது பக்கம் இருக்க வேண்டும். எங்களுக்கு அது நேராக மூஞ்சியில் அடித்தது. பத்துப் பேரும் கண்ணைச் சுருக்கினார்கள். ஒருவர் குல்லாயை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டார். இன்னொருவர் ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் நெற்றியையும் பிடித்தபடி ஓட்டினார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

தார் ரோடு மெட்டல் ரோடாயிற்று. மெட்டல் ரோடு வண்டித்தடமாயிற்று. இரண்டு பக்கமும் தென்னை. வண்டித்தடம் ஒரு தோட்டத்து வீட்டின் முன்னால் இருந்த களத்தில் போய் முடிந்தது. அவ்வளவுதான். அதற்கு மேல் கிணறு.

தலைவர் விசில் ஊதவில்லை. ஊதினால் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது என்று அர்த்தம். யாரோ ஒருவர் வீட்டு வாசலுக்கு வரத்தான் எங்களை ஒரு மணி நேரம் காற்றில் ஓட்டினார் என்று ஆகிவிடும். வந்த வழியே திரும்பினால் வழி தப்பியதை ஒப்புக்கொண்டதாகிவிடும். விசில் இல்லாமல் காலை ஊனினால் கல். அதனால் அவர் களத்தில் ஒரு சுற்றுச் சுற்றினார். நாங்களும் சுற்றினோம். களத்தின் நடுவே பெரிய மார்கழிக் கோலம், அதன் மேல் சாணி உருண்டையில் பூசணிப்பூ. முதல் சுற்றில் விளிம்பு போனது. மூன்றாவது சுற்றில் கோலமே போனது.

வீட்டுக்கார அம்மா கரண்டியோடு வெளியே வந்தார்.

"ஏனுங்க, யாரைத் தேடறீங்க?"

"யாரையும் இல்லீங்க அம்மணி..." என்று ஆரம்பித்த தலைவர் அதற்குள் அவரைத் தாண்டிப் போய்விட்டார். மிச்சத்தை அடுத்த சுற்றில் வந்துதான் சொல்ல முடிந்தது. "...சும்மா வந்தமுங்க."

"சும்மாங்களா?"

அடுத்த சுற்று. "ஆமாங்க. இந்தத் தடம் அக்கட்டால எங்க போகுதுங்க?"

"எங்கயும் போகாதுங்க. எங்க ஊட்டோட முடிஞ்சுதுங்க."

அடுத்த சுற்று. "அப்பிடிங்களா. நல்ல ஊடுங்க."

நாய் முதலில் குரைத்தது. பிறகு அதுவும் எங்களோடு சேர்ந்து சுற்றியது. பத்துப் பேரின் தொடையும் நடுங்குவது எனக்குப் பின்னாலிருந்து தெரிந்தது. தலைவரின் ஹேண்டில் பாம்பு மாதிரி நெளிந்தது. பாய் மெதுவாக ஓதிக்கொண்டிருந்தார். என் கேரியரில் எட்டுக் கிலோ கல். திருப்பத்தில் ஒவ்வொரு முறையும் அது என்னைக் கிணற்றுப் பக்கம் இழுத்தது.

"சந்தகை புழிஞ்சுட்டிருக்கறனுங்க," என்றார் அந்த அம்மா. "தேங்காப்பாலும் இருக்குது. கோலந்தான் போச்சு, எறங்கித் தின்னுபோட்டாவது போங்க."

அடுக்களையிலிருந்து ஆவி வந்தது. இடியாப்பம் போல அரிசி வெந்த வாசம். ஏலக்காய் தட்டிப்போட்ட தேங்காய்ப்பால். ஒரு சுற்று சுற்றினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று சுற்றினேன். வேலையா சந்தகையா என்று மூளை யோசித்துக்கொண்டிருக்கும்போதே, யாரையும் கேட்காமல் என் இடது கால் கீழே இறங்கிவிட்டது. நசுங்கிய பூசணிப்பூவின் மேல் ஊனியிருந்தது.

"ஊனீட்டாரு!" என்று பத்துப் பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் எந்தக் கல்யாணத்திலும் கேட்டதில்லை. தொப்தொப்பென்று கீழே விழுந்தார்கள். இறங்கினார்கள் என்று சொல்ல முடியாது. கிணற்றுச் சுவரில் சாய்ந்துகொண்டு தலைவர் விசில் ஊதினார். காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை.

தோற்றவன் என்பதால் எனக்குத்தான் முதலில் இலை போட்டார்கள். நான்கு முறை வாங்கிச் சாப்பிட்டேன். கிளம்பும்போது அந்த அம்மா, "வந்த வழியிலயே போயி, சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க" என்றார். "தெரியுமுங்க," என்றார் தலைவர். "சித்தே இந்தப் பக்கம் பாத்துட்டுப் போலாம்னு வந்தமுங்க."

மத்தியானம் ஊர் வந்து சேர்ந்தோம். இட்லிக்காரர் வீட்டில் சைக்கிளை விட்டேன். "வேலை போச்சே தம்பி," என்று பாய் முதுகில் தட்டினார். எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். நானும் கல்லும் ரோட்டில் நின்றோம். அன்று பஸ் ஸ்டாண்டில் அதையே தலைக்கு வைத்துப் படுத்தேன். மஞ்சப்பையைத் தலைக்கு வைத்துப் படுத்தபோதெல்லாம் யாராவது உருவப் பார்ப்பார்கள். இதை ஒருவரும் தொடவில்லை.

சாக்கடையில் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அது என்னுடையது அல்ல. காலையில் தோளில் வைத்துக்கொண்டு துடியலூருக்கு நடந்தேன். தலைவர் பட்டறை கேட் அருகே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"கல்லைக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேனுங்க."

"ஞாயித்துக்கிழமைக்கு முன்னால வாங்கறதில்லீங்களே. சட்டமுங்க."

"எனக்கு ஊடு இல்லீங்க. வெக்க எடமில்லீங்க."

அவர் யோசித்தார். "செரி, இங்கயே வெச்சுக்கோங்க."

இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"எங்க போறீங்க? கல்லு உங்க பொறுப்புங்க. உட்டுப்போட்டுப் போனா யாரு பாத்துக்கறது?"

நான் நின்றேன். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நேத்து ரோடு தப்புன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க. சூரியன் மூஞ்சியிலயே இருந்துச்சுங்க."

"எனக்கும் அப்பத்தான் தெரிஞ்சுதுங்க. ஆனா பின்னால வர்ற ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலையே, அப்ப ரோடு செரிதானாட்டங்குதுன்னு நெனச்சுப்போட்டேன்." சுவரை விட்டு ஓர் அடி எடுத்து வைத்தார், முகம் சுளித்தது. "முட்டி கழண்டுபோச்சுங்க. நீங்க மட்டும் ஊனாம இன்னொரு சுத்து வந்திருந்தீங்கன்னா, நான் கெணத்துக்குள்ளதான். இதை அந்தப் பாய்கிட்டச் சொல்லிப்போடாதீங்க."

"சொல்லமாட்டேனுங்க."

அவர் என்னை உள்ளே கூட்டிப்போனார். புதுக் கிரைண்டர்கள் வரிசையாக நின்றன. புதுக்கல்லில் மணல் உதிரும். ஊறவைத்த அரிசியைப் போட்டு நான்கைந்து தரம் ஆட்டி, அந்த மாவைக் கொட்டிவிட வேண்டும். அதற்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. நாள் முழுக்க மாவாட்டுவது, ஆட்டியதை ஒரு வாய்கூடச் சாப்பிட முடியாமல் கீழே ஊற்றுவது.

ஞாயிற்றுக்கிழமை லீவுதானா என்று கேட்டேன்.

"லீவுங்க," என்றார். "ஆனா வெடியால நாலு மணிக்கு வந்தரோணும். கல்லு உங்ககிட்டத்தான இருக்குது."

முதல் கிரைண்டரில் அரிசியைக் கொட்டி சுவிட்சைப் போட்டேன்.