டிகிரியின் மேஜை விசிறி

எல்.இ.டி. விளக்கு செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவரை எல்லோரும் டிகிரி என்றுதான் கூப்பிடுவார்கள். டீயைக் கையில் கொடுத்தால்கூட எத்தனை டிகிரி இருக்கும் என்று யோசிக்கிற மனுஷனை வேறு எப்படிக் கூப்பிடுவது? புது ரக விளக்கு வந்தால் அதன் முதுகில் சூடு அளக்கும் மெல்லிய கம்பியை ஒட்டி, மீட்டரில் எண் ஏறி ஒரே இடத்தில் நிற்கும்வரை மூன்று மணி நேரம் காவல் இருப்பார். எண்பத்தைந்துக்குள் நின்றால் பாஸ். தாண்டினால் விளக்கு சீக்கிரமே மண்டையைப் போட்டுவிடும்.

அந்த மூன்று மணி நேரமும் யாரும் கதவைத் திறக்கக் கூடாது. காற்று பட்டால் அளவு கெட்டுப்போகுமாம். ஒருமுறை தும்மிய மேனேஜரையே வெளியே அனுப்பியவர்.

அப்பேர்ப்பட்டவர் பாஸ் போட்ட விளக்குதான் வீட்டில் மனைவியின் தையல் மெஷினுக்கு மேலே தொங்கியது. ஆறு மாதத்தில் மூன்று விளக்கு அவுட்.

"உங்க பாஸை நம்பித்தானே மாட்டினேன்?" என்றார் மனைவி.

பன்னிரண்டு வருஷத்தில் அவர் அளவை யாரும் சந்தேகப்பட்டதில்லை. சொந்த வீட்டிலேயே மானம் போவதா? ஞாயிற்றுக்கிழமை நாலாவது விளக்கை மாட்டி, மீட்டரும் கையுமாக ஸ்டூலில் ஏறி அளந்தார். நூற்றிரண்டு. இதே ரகம் ஆபீசில் எழுபத்தெட்டு!

"இந்த ரூம்லதான் என்னமோ கோளாறு."

"ஒரு கோளாறும் இல்ல. தைக்கும்போது நான் ஃபேன் போடமாட்டேன், துணி பறக்கும். அங்க எப்படி?"

"அங்கயும் காத்தே கிடையாது. நான்தான்..." என்று ஆரம்பித்தவர் ஸ்டூலிலிருந்து இறங்கினார். மூடிய அறையில் வியர்த்துக் கொட்டுகிறதே என்று போன கோடையில் கழுத்துக்கு நேராக வாங்கி வைத்த குட்டி மேஜை விசிறி கண்முன் சுற்றியது. கழுத்தைத் தாண்டினால் அடுத்தது விளக்குதான்.

மறுநாள் விசிறியை அணைத்துவிட்டு அளந்தார். நூற்றொன்று. விசிறி வந்தபின் பாஸான மற்ற பத்து ரகங்களை இனி யார் நம்புவது?

விஷயத்தைக் கேட்ட மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மீட்டர் பழுதுன்னு எழுதிடுங்க சார். உங்க பேர் எதுக்குக் கெடணும்?"

கேட்க இனிக்கத்தான் செய்தது. ஆனால் மீட்டர் பாவம், ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. "மீட்டர் சரி. விசிறி என்னுடையது. பதினோரு ரகத்தையும் மறுபடி அளக்க வேண்டும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் சட்டை முழுக்க நனைந்து, முகம் தொங்கி வந்தவரைப் பார்த்ததும் மனைவிக்குத் திக்கென்றது. "என்னங்க, வேலை போயிடுச்சா?"

டிகிரி பையிலிருந்து விசிறியை எடுத்து மெஷின்மேல் வைத்தார்.

"எனக்கில்ல, இதுக்குத்தான் போச்சு."