மங்கலம்பேட்டை வண்டியில் ஸ்டிக்கர் எடுத்த நாள்

எனக்குப் பொறுமை கிடையாது. இதை யாரும் சொல்ல வேண்டியதில்லை, நான் டீ ஆற்றுவதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆனால் கை சுறுசுறுப்பு. கல்யாணத்துக்கு முன்னால் விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் கப்புகளுக்குப் பூ ஒட்டும் வேலையில் இருந்தேன். காகிதத்தில் அச்சடித்த பூவைத் தண்ணீரில் ஊறப்போட்டால் மெல்லிய தோலாகக் கழன்று வரும். அதைக் கப்பின் மேல் நகர்த்தி வைத்து, ரப்பர் துண்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளிவிட வேண்டும். ஒரு சொட்டு உள்ளே மாட்டிக்கொண்டாலும் சூளையில் வெடித்துப் பூவில் ஓட்டை விழும். சூளைக்குப் போய் வந்துவிட்டால் அந்தப் பூவை யாராலும் எடுக்க முடியாது. கப்பு உடைந்தாலும் உடைந்த ஓட்டில் பூ அப்படியே இருக்கும். எங்கள் வீட்டில் எல்லோரும் பூ கோணலாக விழுந்த கப்பில்தான் டீ குடித்தோம், நல்லதெல்லாம் லாரியில் ஏறிப் போய்விடும்.

என்னைக் கட்டிக்கொண்டவருக்கும் ஒட்டுகிற வேலைதான். ஆனால் அவர் ஒட்டியது காருக்குள். அதே விருத்தாசலத்தில், பெண்ணாடம் ரோட்டில் ஒரு ஷட்டர் கடை. டேஷ்போர்டு, கதவுப் பிடி, கியர் பக்கம் என்று காருக்குள் இருக்கிற பிளாஸ்டிக்கின் மேலெல்லாம் மரம் மாதிரி, கார்பன் மாதிரி, பளபளவென்று கறுப்புக் கண்ணாடி மாதிரி ஸ்டிக்கர் ஒட்டித் தருவார். வினைல் என்று அதற்குப் பெயர், ஆனால் கடைக்கு வருகிறவர்கள் யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஒவ்வொரு பாகமாக நெம்பிக் கழற்றி மேஜையில் வைப்பார். துடைத்து, ஸ்டிக்கரை விரித்து, சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னால் லேசாகச் சூடு காட்டி, மூலையில் இழுத்து மடக்குவார். மடிப்பு எங்கே என்று தேடினாலும் கிடைக்காது. நானே தேடியிருக்கிறேன், குறை கண்டுபிடிப்பதில் எனக்கு அவ்வளவு ஆசை.

போன வருஷம் அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. பாண்டிச்சேரியில் வைத்துப் பார்த்தோம். பேச்சு திரும்பிவிட்டது, கால் திரும்பிவிட்டது. வலது கையும் திரும்பியது, ஆனால் அதன் நேரம் மாறிப்போனது. டம்ளரை எடுக்க வேண்டும் என்றால் கை கிளம்பும், போகும், நிற்கும், யோசிக்கும், பிறகுதான் பிடிக்கும். சட்டைப் பொத்தான் போடுவதற்குள் எனக்கு உயிர் போய்விடும். அதனால் காலையில் நானே போட்டுவிடுவேன். "நவுருங்க, எனக்கு வேல கெடக்குது" என்று மேலிருந்து கீழே மளமளவென்று போட்டுவிட்டுப் போவேன். அவர் கைகளைத் தொங்கவிட்டு நிற்பார்.

கொஞ்சம் தேறியதும் கடைக்கு வந்து ஒரு கியர் மூடிக்கு ஸ்டிக்கர் ஒட்டிப் பார்த்தார். ஸ்டிக்கர் ஒட்ட வேண்டிய இடத்தில் சட்டென்று ஒட்ட வேண்டும். இவர் கை பாதியில் நின்று யோசித்தது. அதற்குள் ஸ்டிக்கர் சுருண்டு பசைமேல் பசையாக ஒட்டிக்கொண்டது. இன்னொன்று வெட்டினார். அதுவும் அப்படியே ஆனது. இரண்டையும் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, "கடைய வுட்டுடலாம்" என்றார். நான் மேஜை மேலிருந்த கடைச் சாவியை எடுத்து என் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து நான் போனேன். ஒட்டுவது எனக்குப் புதிதா என்ன? அங்கே தண்ணீரைத் தள்ளினேன், இங்கே காற்றைத் தள்ளினேன். முதலில் கொஞ்சம் சொதப்பினேன், பிறகு கை பிடித்துக்கொண்டது. கடை ஓடியது. ஆனால் அவர் வரவில்லை. டிவிக்கு முன்னால் நாற்காலி, சாப்பாடு, மறுபடி நாற்காலி. கடைப் பேச்சை எடுத்தால் வால்யூமைக் கூட்டுவார். கையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, அது வருகிறபோது வரட்டும். அந்த நாற்காலியைத்தான் பார்க்கப் பார்க்கப் பயமாக இருந்தது. மனுஷன் அதிலேயே முடிந்துபோய்விடுவாரோ என்று நினைப்பேன். வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல் அதற்குப் பதிலாகச் சண்டை போடுவேன்.

இப்படி இருக்கும்போதுதான் சித்திரை வெயிலில் மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு அக்கா தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். புருஷன் குவைத்தில். சில வருஷத்துக்கு முன்னால் அவர் லீவில் வந்திருந்தபோது என் வீட்டுக்காரரிடம் வண்டியைக் கொடுத்து, உள்ளே முழுக்கக் கறுப்புப் பளபளப்பு ஒட்டிக்கொண்டு போயிருக்கிறார். மீட்டர் மேலிருக்கும் மூடி, டேஷ்போர்டில் குறுக்கே ஓடும் பட்டை, இடதுபக்கம் சாமான் போட்டுவைக்கும் பெட்டியின் கதவு எல்லாம் முகம் பார்க்கலாம் போல மின்னின.

"இதையெல்லாம் எடுத்துடும்மா" என்றார் அக்கா. "மவள திட்டக்குடியில கட்டிக் குடுத்திருக்குது. போவும்போது சாயங்கால வெயிலு எதுக்கால அடிக்கும். இது பட்டு முன்கண்ணாடியில மின்னும், கண்ணு கூசுது. போன வாரம் கருவேப்பிலங்குறிச்சிக்கிட்ட ஆட்டுமந்த குறுக்க வந்தது தெரியவே இல்ல. பிரேக்க மிதிச்சதுதான் தெரியும்."

"பாய் ஒண்ணும் சொல்லமாட்டாரா அக்கா? ஆசையா ஒட்டுனாராமே."

"அவரு வருசத்துக்கு ஒரு தடவ வர்றாரு. ஓட்டுறது நானு."

எனக்கு அக்காவைப் பிடித்துப்போயிற்று. ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து டீ சொன்னேன். பெட்டிக் கதவைக் கழற்றி மேஜையில் வைத்தேன்.

அப்போதுதான் உறைத்தது. நான் இதுவரை ஒட்டியிருக்கிறேன், எதையும் எடுத்ததில்லை. கம்பெனியில் எடுக்கிற பேச்சே கிடையாது, கோணலானால் கழிவில் போடுவார்கள், அவ்வளவுதான். சரி, இதில் என்ன இருக்கிறது என்று ஓரத்தை நகத்தால் கிளப்பி ஒரே இழுப்பாக இழுத்தேன். மேல்தோல் கிழிந்து கையோடு வந்தது, பசை முழுக்கக் கதவிலேயே நின்றது. அடுத்த ஓரத்தை இழுத்தேன். அதுவும் கிழிந்தது. கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் சூடு. செராமிக் ஊர்க்காரிக்கு வேறு என்ன தோன்றும்? மண்ணுக்கு எவ்வளவு சூடு காட்டினாலும் தாங்கும், இன்னும் காட்டினால் இன்னும் நன்றாக வரும். ஹீட் கன்னை முழு வேகத்தில் வைத்துக் கதவுக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

"என்னம்மா, ஏதோ கருகுற வாட வருது?" என்றார் அக்கா.

பிளாஸ்டிக் இளகி ஓரம் அலை அலையாக நெளிந்திருந்தது. மேலே இருந்த பொடிப்பொடிச் சொரசொரப்பு தேய்ந்து, ஒரு இடம் இஸ்திரி போட்டதுபோல வழவழவென்று ஆகிவிட்டது. அக்காவிடம் சொன்னேன், கதவையும் காட்டினேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கதவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒட்டுனவர கேளேன்" என்றார்.

போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது.

"எவ்வளவு சூடு காட்டுன?"

"தெரியல. முழுசா."

"முழுசாவா? அதுக்கு எதுக்குடி அவ்ளோ சூடு? வெயில்ல நின்ன வண்டியில கை வெச்சா எப்படி இருக்கும், அந்தச் சூடு போதும். இழுக்குறது படுத்தாப்புல இழுக்கணும். மெதுவா."

"மெதுவான்னா எப்படி?"

"மெதுவான்னா மெதுவாதான்."

"வாயால சொன்னா எனக்கு வெளங்காது. வந்து தொலைங்க."

"என்னால முடியாது" என்று வைத்துவிட்டார்.

நான் போனைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அக்கா டீ டம்ளரைக் கீழே வைத்தார். "வூடு எங்க இருக்குது? நான் போயி கூட்டியாரேன்" என்றார். வேண்டாம் என்று சொல்வதற்குள் காரில் ஏறிச் சாவியைத் திருகிவிட்டார். வழி சொல்லி அனுப்பினேன். நான் கூடப் போயிருந்தால் வாசலில் சண்டைதான் நடந்திருக்கும். வேலை கொடுக்க வந்த பொம்பளை வெயிலில் வண்டியோடு வந்து நின்றால் எப்படி மாட்டேன் என்பது என்று பிற்பாடு அவர் சொன்னார்.

வண்டி திரும்பி வந்தபோது அவர் முன்சீட்டில், கதவில்லாமல் வாயைப் பிளந்திருந்த பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தானெல்லாம் ஒரு ஓட்டை தள்ளிப் போட்டிருந்தது. தானே போட்டிருக்கிறார். எனக்குக் கை பரபரத்தது. சரிசெய்யக் கிட்டே போனேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, வண்டியின் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இறங்கினார்.

"ரொம்பத்தான் கூசுதும்மா" என்றார் அக்காவிடம். "ஒட்டும்போது கதவத் தொறந்துகிட்டு வெளிய நின்னே பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. உள்ள உக்காந்து ரோட்டப் பாக்கல."

பிறகு வண்டியை நிழலிலிருந்து வெயிலுக்கு நகர்த்தி நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்துப் பட்டையின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார். தலையாட்டிவிட்டு, நிழலுக்குக் கொண்டுவந்து பட்டையைக் கழற்றித் தரச் சொன்னார். இடது கையில் ஹீட் கன்னைத் தள்ளிப் பிடித்து, சும்மா ஊதிவிடுவதுபோலக் காட்டினார். வலது கை கிளம்பியது, போனது, நின்றது, யோசித்தது, ஓரத்தைப் பிடித்தது.

இழுத்தார். இழுத்தார் என்று சொல்லக்கூட முடியாது. ஸ்டிக்கரைத் தன்மேலேயே மடித்துப் படுக்கவைத்து, கையை நகர்த்தினார். கை நகர்வது கண்ணுக்கே தெரியவில்லை, கறுப்பு குறைந்து அடியிலிருந்த பிளாஸ்டிக்கின் சாம்பல் நிறம் கூடுவதுதான் தெரிந்தது. பசையும் ஸ்டிக்கரோடு சேர்ந்து வந்தது. கிழியவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பிடுங்கி நானே இழுத்துவிடலாமா என்று இரண்டு தடவை முன்னால் போய்விட்டேன். அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்து கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். உண்மையாகவே அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

எந்தக் கை பொத்தான் போட நேரமாக்குகிறது என்று நான் சலித்துக்கொண்டேனோ, அந்தக் கை. அது அவசரப்பட நினைத்தாலும் முடியாது. ஒட்டுவதற்கு அது ஆகவில்லை. எடுப்பதற்கு அதைவிட நல்ல கை எங்கள் ஊரில் இல்லை. அக்காவுக்கு முன்னால் அழக்கூடாது என்று வெளியே போய்க் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தேன்.

பட்டை முடிந்து மீட்டர் மூடிக்கு வந்தார். அக்கா கடைத்தெருவுக்குப் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு வந்து, மறுபடி டீ குடித்து, மகளிடம் போனில் பேசி முடித்தார். இவர் இன்னும் அந்த மூடியைத்தான் உரித்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை என்னைக் கூப்பிட்டு என் விரலை ஸ்டிக்கர் மேல் வைத்து, "இங்க தடுக்குது பாரு, இப்ப நிறுத்தணும்" என்றார். நான் நிறுத்தாமல் இழுத்துவிட்டேன், கிழிந்தது. அவர் சிரித்தார். ஸ்ட்ரோக் வந்த பிறகு வாய் கொஞ்சம் கோணும் என்று அவர் சிரிப்பதையே விட்டிருந்தார். கோணலாகத்தான் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

பாழான பெட்டிக் கதவு பாக்கி இருந்தது. அதில் நின்ற பசையைத் தேங்காய் எண்ணெய்த் துணியால் அவர் துடைத்தார். நெளிந்த ஓரத்தை லேசாகச் சூடு காட்டிப் பலகையில் அழுத்தி முக்கால்வாசி நேராக்கினார். வழவழப்பான இடத்தை ஒன்றும் செய்ய முடியவில்லை. மின்னாத கறுப்பில் ஒரு ஸ்டிக்கரை எடுத்து என்னிடம் நீட்டி, "இது ஓன் வேல" என்றார். நான் ஒட்டினேன், மூலையில் மடிப்பு தெரியாமல் ஒட்டினேன். அவர் நகத்தால் ஓரம் முழுக்கத் தடவிப் பார்த்துவிட்டு மாட்டினார்.

சாயங்கால வெயில் எதிரே விழும் நேரத்தில் அக்கா வண்டியை எடுத்துப் பாலக்கரை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். கண்ணாடியை இறக்கி, "ரோடு ரோடாத் தெரியுது" என்றார். கடை வாசலில் நாங்கள் இரண்டு பேரும் நின்று பார்த்தோம். வீட்டுக்குப் போகும் வழியில், நாளைக்கு வருவீர்களா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

மறுநாள் காலையில் நான் சாப்பாட்டுப் பையோடு வந்தபோது அவர் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். என் கை வழக்கம்போல மேல் பொத்தானுக்குப் போனது.

"வுடு" என்றார். "நானே போட்டுக்கிறேன்."

விட்டேன். கை கிளம்பியது, நின்றது, ஓட்டையைத் தேடியது. தெருவில் ஷேர் ஆட்டோக்காரன் வந்து ஹாரன் அடித்தான். வாசலுக்குப் போய், "நீ போப்பா, அடுத்த வண்டியில வரோம்" என்றேன். திரும்பி வந்தேன். ஏதாவது வேலை இருக்கிறதுபோலப் பாத்திரத்தை எடுத்து இடம் மாற்றி வைக்கத் தோன்றியது, செய்யவில்லை. நின்று பார்த்தேன். கடைசிப் பொத்தானையும் சரியான ஓட்டையில் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

இடுப்பிலிருந்து கடைச் சாவியை எடுத்து அவர் வலது கையில் கொடுத்தேன். பூட்டைத் திறக்க அவருக்கு நேரமாகும். ஆகட்டும்.