ஆர்ச்சி டார்விட் முடிக்காத ஆட்டம்

ஆர்ச்சி டார்விட் கூரைக்குக் கல் ஓடு வேய்கிறவன். ஸ்காட்லாந்துக் கடற்கரையிலுள்ள எங்கள் ஊர் இன்வர்கெரில் புயல் அடித்த மறுநாள் காலையில் முதலில் கேட்பது அவன் சுத்தியல் சத்தம்தான். அது போக அவனுக்கு இன்னும் இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று, ஊர் உயிர்காப்புப் படகில் துடுப்பருகே ஓர் இடம். மற்றது, சனிக்கிழமை பிற்பகல் கோல்ஃப்.

எங்கள் மைதானம் ஊருக்குச் சொந்தம். கடலுக்கும் வயலுக்கும் நடுவிலுள்ள மணல்மேட்டில், ஆடு மேய்ந்து கட்டையாக்கிய புல்லில், ராஜாக்கள் காலத்திலிருந்து ஆடிவருகிறார்கள். மீன்காரனும் ஆடுவான், பாதிரியாரும் ஆடுவார். துறைமுகத்தருகே தொடங்கி, கரையோரமாக வடக்கே போய், பிறகு ஊரைப் பார்த்துத் திரும்ப வேண்டும்.

போர் முடிந்து சில வருடங்கள் கழித்து ஓர் அக்டோபரில் நடந்த பதக்கப் போட்டியில் நான்தான் அவனுக்கு ஜோடி. நான் தபால்காரன், அவனுக்குப் பக்கத்து வீடு. முந்தைய நாள் கிழக்கிலிருந்து வந்த புயல் ஓய்ந்து, காற்று மேற்குக்கு மாறியிருந்தது. ஆற்று முகத்துவார மணல்திட்டில் மட்டும் அலைகள் வெள்ளைச் சுவராக எழுந்து இடிந்துகொண்டிருந்தன.

ஆர்ச்சி பெரிய ஆட்டக்காரன் இல்லை. அன்று அவனுக்குள் என்ன புகுந்ததோ, அடித்ததெல்லாம் நினைத்த இடத்தில் போய் விழுந்தது. பிஷப்பின் கல்லறை என்று நாங்கள் சொல்லும் ஆழமான மணற்பள்ளத்திலிருந்து அவன் கிளப்பிய பந்து, கொடிக்கம்பை உரசிக்கொண்டு நின்றது.

"காலையில என்னத்தடா தின்னே?" என்றேன்.

"மினா காய்ச்சின ஓட்ஸ் கஞ்சிதான். உப்பு கொஞ்சம் தூக்கல்."

"உன் பொண்டாட்டிகிட்ட நாளைக்கு எனக்கும் ஒரு கிண்ணம் அனுப்பச் சொல்லு."

ஊரை நோக்கித் திரும்பியபோது இருவருக்கும் தெரிந்துவிட்டது, பதினெட்டுக் குழிகளையும் மிகக் குறைந்த அடிகளில் முடித்த, எங்கள் அப்பாக்கள் காலத்து ஊர்ச் சாதனை இன்று உடையப் போகிறதென்று. அவன் பேச்சை நிறுத்திவிட்டான். பதின்மூன்றாம் குழிக்கருகே பந்தை உருட்ட அவன் குனிந்தபோது துறைமுகப் பக்கம் வானவெடி வெடித்தது. உயிர்காப்புப் படகுக்கு ஆள் கூப்பிடும் வெடி அது. கேட்டால் படகுக்காரர்கள் போட்டதைப் போட்டபடி ஓடவேண்டும்.

"ஆர்ச்சி, வெடி."

"கேட்டுச்சு." பந்தைவிட்டு அவன் கண்ணை எடுக்கவில்லை. "போன தடவை என்ன? மிதந்துவந்த பீப்பாய். அதுக்கு முந்தின தடவை பாய்மரத்துல போன பணக்காரன். நாங்க போறதுக்குள்ள அவனே கரையேறி டீ குடிச்சிட்டிருந்தான்."

"இருந்தாலும்..."

"இதுவும் ஊருக்குப் போற வழிதானே, டாம். ஆடிக்கிட்டே ஓடிரலாம்."

பந்தைச் சுற்றி ஒருமுறை நடந்து, குனிந்து, உருட்டினான். உள்ளே விழுந்தது. பதினான்காம் குழியைப் பாதி ஓட்டமாகவே ஆடினான். நான் பார்த்த ஆட்டங்களிலேயே அழகானது அதுதான். பதினைந்தில் பந்தை வைக்கும்போது இரண்டாவது வெடி கேட்டது. முதல் அழைப்புக்கு ஆள் போதாவிட்டால்தான் இரண்டாவது போடுவார்கள். மட்டைகளைக் கீழே போட்டுவிட்டு ஓடினான்.

அவன் துறைமுகம் சேர்ந்தபோது படகு தண்ணீரில் இறங்கிவிட்டிருந்தது. அவன் இடத்தில் மினாவின் தம்பி ஜாக் கேர்ட் உட்கார்ந்திருந்தான். ஜாக் படகுக்காரன் இல்லை. நண்டுக்கூடைகளைக் கழுவ வந்தவன். "ஒரு ஆள் குறையுது, வர்றியா?" என்று படகுத் தலைவர் கேட்டிருக்கிறார். ஆணியில் தொங்கிய ஆர்ச்சியின் எண்ணெய் பூசிய மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஏறிவிட்டான். "இறங்குடா, நான் வந்துட்டேன்!" என்று ஆர்ச்சி சுவர்மேல் நின்று கத்தினான். ஜாக் கையாட்டிச் சிரித்தானாம்.

மணல்திட்டில் தட்டி நின்ற மீன்பிடிக் கப்பலை நெருங்குவதற்குள், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, படகு தலைகுப்புறக் கவிழ்ந்தது. ஒருவரும் திரும்பவில்லை. ஜாக்கை மூன்றாம் நாள் மைதானத்துக்குக் கீழே கரையில் கண்டெடுத்தோம். கோட்டின் காலரில் மினா நூலால் தைத்த பெயர், ஆர்ச்சி டார்விட்.

ஊர் அவனைக் குறை சொல்லவில்லை. "மேக்காத்து அடிச்சா அந்தக் கோடிக்கு வெடி எப்படிக் கேக்கும்?" என்று பாதிரியார் முதல் மதுக்கடைக்காரர்வரை அவனுக்காகச் சொன்னார்கள். அவன் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

அடக்கம் முடிந்த மாலை, அவர்கள் வீட்டுச் சமையலறையில் மூவரும் இருந்தோம். மினா என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"நீ கூட இருந்தவன், டாம். முதல் வெடி கேட்டுச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஆர்ச்சி சொன்னான்: "கேட்டுச்சு."

"காத்துன்னு சொல்றாங்களே."

"காத்து இல்ல, மினா. நான் ஆடிக்கிட்டிருந்தேன்."

அவள் அழவில்லை, ஏசவுமில்லை. எழுந்து, அடுப்பிலிருந்த கொத்துக்கறியையும் உருளைக்கிழங்கையும் ஒரே ஒரு தட்டில் போட்டு அவன் முன்னால் வைத்தாள். பாத்திரம் கழுவும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து அவன் சாப்பிட்டு எழும்வரை அவள் அங்கேதான் நிற்பாள். வீட்டைவிட்டும் போகவில்லை, மேசைக்கும் வரவில்லை.

புதுப் படகு வந்தபோது முதலில் பெயர் கொடுத்தவன் ஆர்ச்சி. வயது ஒத்துக்கொள்ளும்வரை எல்லா அழைப்புக்கும் போனான். எத்தனையோ பேரை உயிரோடு இழுத்துவந்தான். மற்ற மனைவிகள் துறைமுகச் சுவரில் நின்று காத்திருப்பார்கள். மினா ஒருநாளும் போனதில்லை. அன்று அவன் போட்டுவிட்டு ஓடிய மட்டைகளை நான் பொறுக்கிவந்து அவன் கொட்டகையில் வைத்தேன். அவன் தொடவில்லை.

வயதான காலத்தில் அவனுக்கு நெஞ்சு கெட்டது. கரண்டி பிடிக்க முடியாமல் போனதும் அவளே ஊட்டினாள். ஒருநாள் நான் அங்கிருந்தபோது, கரண்டியை வைத்துவிட்டுத் திடீரென்று கேட்டாள்:

"அன்னைக்கு ஆட்டம் எப்படி இருந்துச்சு?"

அவன் வெகுநேரம் மூச்சு வாங்கினான். "நல்லா இருந்துச்சு, மினா. அதுதான் கொடுமை."

அவள் அவன் வாயைத் துடைத்துவிட்டாள்.

மார்ச் மாதத்தில் அவன் போனான். அடக்கம் முடிந்து வாசலில் நின்றபோது மினா என் கையைப் பிடித்தாள். "மன்னிச்சிரணும்னு எத்தனையோ தடவை நினைச்சேன், டாம். மனசு வரல. நான் போனா என்னை ஜாக் பக்கத்துல அடக்கம் பண்ணுங்க."

அடுத்த குளிர்காலத்தில் அப்படியே செய்தோம்.