ஒத்தீலியாவின் ஐந்தாவது கேள்வி

ஒத்தீலியா சுங்காவிடம் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு அவளுடைய ஐந்தாவது கேள்வி இன்றைக்கும் நினைவிருக்கும். முதல் நான்கையும் எந்த நர்ஸும் கேட்பாள். சிறுநீர் சரியாகப் போகிறதா, தலை சுற்றுகிறதா, காதில் இரைச்சல் உண்டா, கடையில் நீங்களாகவே வலி மாத்திரை வாங்கி விழுங்கினீர்களா. ஐந்தாவதை மட்டும் அவள் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கேட்பாள்.

"இந்த வாரம் யாராச்சும் உங்களப் பத்திப் புறம் பேசினாங்களா?"

புதிதாக வந்தவர்கள் இது வைத்தியமா வம்பா என்று விழிப்பார்கள். பதில் வரும்வரை அவள் ஊசியைத் தொடமாட்டாள்.

சிம்போத்தே துறைமுகத்துக்குப் பின்னால், மணல்மேட்டுச் சுகாதார நிலையத்தில் முப்பத்தொரு வருடம் அவள் நர்ஸாக இருந்தாள். நல்ல கனத்த உடம்பு, ஆனால் கை பூப்போல. மீன்மாவு ஆலைப் புகை ஊரையே நாறடிக்கும் காலையில்கூட அவளுடைய அறையில் ஸ்பிரிட் வாசனை மட்டும்தான் இருக்கும். திங்கள் வலது, செவ்வாய் இடது என்று பக்கம் மாற்றி இடுப்பில் குத்துவாள். மறந்துபோய் அதே பக்கத்தைக் காட்டுகிறவர்களுக்குச் செல்லமாக ஓர் அடி விழும். அந்த அறையில் ஆம்பிளைகளின் வெட்கமெல்லாம் முதல் வாரத்தோடு சரி.

அந்த ஐந்தாவது கேள்வி அவளிடம் வந்து சேர்ந்தது, கடல் சூடாகி நெத்திலி காணாமல் போன வருடம். படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன. ஆண்கள் காலையிலிருந்து மாலைவரை துறைமுகச் சுவரில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார்கள். வேறு என்ன வேலை? அவர்களில் ஒருவன் எவாரிஸ்தோ. படகு எஞ்சின் மெக்கானிக். மூடியைக் கழற்றாமலே, கண்ணை மூடிக்கொண்டு நின்று கேட்டே எந்த சிலிண்டர் கெட்டது என்று சொல்லிவிடுவான். சாதாரணக் காசநோய் மாத்திரைகள் அவனுடைய நுரையீரலிடம் தோற்றுப்போயின. இது சாதாரண மருந்துக்கு அடங்காத வகை என்று சொல்லி டாக்டர் ஒன்றரை வருட மாத்திரையும், முதல் ஆறு மாதம் கானமைசின் ஊசியும் எழுதிக் கொடுத்தார்.

முதல் நாள் ஒத்தீலியா சுவரில் ஒட்டியிருந்த தாளை வரிவரியாக அவனுக்கு வாசித்துக் காட்டினாள்.

"இது பொல்லாத மருந்து எவாரிஸ்தோ. கிருமியக் கொல்லும். அசந்தா கிட்னியையும் காதையும் சேத்துக் கடிக்கும். நெறைய தண்ணி குடி. ரத்தப் பரிசோதனைக்குச் சொன்ன தேதியில போ. காது கேக்கறது கொறஞ்சா, இரைச்சல் வந்தா, நடக்கும்போது தள்ளாடினா, அன்னைக்கே சொல்லணும். நாளைக்குன்னு வெக்கக் கூடாது."

"காது போச்சுன்னா நான் மீன் பொறுக்கத்தான் லாயக்கு, நர்ஸம்மா" என்றான் அவன். "கண்ணு போனாக்கூட எஞ்சின் பாப்பேன். காது போச்சுன்னா முடியாது."

"அதனாலதான் தொண்டத்தண்ணி வத்தக் கத்திட்டிருக்கேன்."

இவ்வளவு சொன்னவள்தான் பிறகு அசந்துபோனாள். அதை அவள் கடைசிவரை ஒளித்ததில்லை. நாளைக்கு ஐம்பது பேர், வாரம் ஐந்து நாள். கேள்விகள் தேய்ந்துகொண்டே வந்தன. மூன்றாவது மாதத்தில் அந்த நீண்ட வரி ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிட்டது.

"காது?"

"ரெண்டும் இருக்கு."

இருவரும் சிரிப்பார்கள். அவள் அவனுடைய சிகிச்சை அட்டையின் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு ஊசியை எடுப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை எவாரிஸ்தோ குனிந்து பெல்ட்டைத் தளர்த்தும்போது அவனுடைய சட்டைக் காலர் அவள் கண்ணில் பட்டது. இடது முனை நைந்து, நூல் நூலாகத் தொங்கியது. எலி கடித்ததோ என்று முதலில் நினைத்தாள். நேற்றைய நீலச் சட்டையும் நினைவுக்கு வந்தது. அதிலும் இதே இடம், இதே கோலம். இரண்டு சட்டையையும் தேடி ஒரே மூலையைக் கடிக்கும் எலி எங்கே இருக்கிறது?

"என்னப்பா இது, வீட்ல சோறு போடறதில்லையா?"

அவன் முகம் கறுத்தது. "எல்லாம் அந்த ஹசிந்தோ பயதான். என் மகளுக்கு ஞானத்தகப்பன், என் கம்பாத்ரே. படகு ஓடாம சும்மா குந்திக்கிட்டு நாள் பூராவும் என்னக் கிழிக்கிறான். நான் காலரக் கடிச்சிக்கிட்டே இருக்கேன், அவன் நாக்குத் துண்டாப் போகட்டும்னு. சளைக்க மாட்டேங்கிறான்."

அவள் கையிலிருந்த மருந்துக் குப்பி அப்படியே நின்றது. அந்த ஊரில் பிறந்தவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வலது காது இரைந்தால் யாரோ நல்லது பேசுகிறார்கள். இடது காது இரைந்தால் புறணி. உடனே சட்டையைக் கடித்தால் பேசுகிறவன் தன் நாக்கைக் கடித்துக்கொள்வான். அவளும் எத்தனையோ ரவிக்கைகளைக் கடித்தவள்தான்.

"எப்பலேருந்து இரையுது?"

"ஈஸ்டர் முடிஞ்சதுலேருந்து. ராவும் பகலும். கொசு மாதிரி."

"அட பாவி! தெனமும் காது காதுன்னு கேட்டேனே!"

"காதுக்கு ஒண்ணும் இல்லையே நர்ஸம்மா. அவன் வாய்க்குத்தான் வியாதி."

ஒத்தீலியா குப்பியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். எவாரிஸ்தோ பயந்துபோய் அவள் கையைப் பிடித்தான்.

"ஊசிய நிறுத்தினா செத்துப்போயிருவேன்னு நீங்கதான சொன்னீங்க?"

"நிறுத்தறதும் போடறதும் நீயும் இல்ல, நானும் இல்ல. டாக்டர் சொல்லட்டும். மாத்திரைய ஒரு வேள கூட விடாத. இப்ப என்கூட வா."

டாக்டர் அன்றைக்கே ஊசியை நிறுத்தினார். சில நாளில் வேறு மருந்து வந்தது. த்ருஹியோ நகரத்தில் காதைச் சோதித்தபோது இடது காதில் கீச்சென்ற உச்ச ஒலிகள் போய்விட்டன என்றும், போனது திரும்பாது என்றும் சொன்னார்கள். கனத்த ஒலிகள் தப்பினவா என்பதை எஞ்சின் முன்னால் நின்றுதான் பார்க்க வேண்டும் என்றான் அவன். அதற்கோ ஒரு படகும் ஓடவில்லை.

ஒத்தீலியா வீட்டுக்குப் போய் நாள்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு ஈஸ்டரிலிருந்து எண்ணினாள். பத்தொன்பது ஊசி. பத்தொன்பதையும் தன் கையாலேயே போட்டிருக்கிறாள்.

எவாரிஸ்தோ கம்பாத்ரேயைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டான். ஹசிந்தோ பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"உண்மையச் சொல்லணும் கம்பாத்ரே. நான் பேசினேன். நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போன நாளிலேருந்து தெனமும் பேசினேன். ஆனா உன் காதுக்குக் கேக்கற அளவுக்கு இல்ல."

ஆண்டு இறுதியில் கடல் குளிர்ந்தது. நெத்திலி திரும்பியது. முதல் படகு ஹசிந்தோவுடையதுதான். அன்று ஒத்தீலியா வேலைக்கு ஒரு மணி நேரம் லீவு போட்டுவிட்டு வெள்ளைச் சீருடையோடு துறைமுகத்துக்குப் போனாள். மாதக்கணக்கில் தூங்கிய எஞ்சின் இருமிக்கொண்டு எழுந்தது. எவாரிஸ்தோ கண்ணை மூடிக்கொண்டு நின்றான். முதலில் வலது காதைக் காட்டினான், பிறகு இடதை. அவள் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"மூணாவது சிலிண்டர்" என்றான் கண்ணைத் திறக்காமல். "என்னவிட மோசமா இருமுது. இதுக்கும் ஊசி போடணும்."

கழற்றிப் பார்த்தார்கள். மூன்றாவதுதான். எல்லோரும் அவன் முதுகில் தட்டினார்கள். ஒத்தீலியா மீன் கூடைகளுக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். அந்த வாரத்திலிருந்து தாளில் இருந்த வரியை அவள் ஒருபோதும் சுருக்கவில்லை. அதன் அடியில் பேனாவால் தன் ஐந்தாவது கேள்வியையும் எழுதிவைத்தாள். இன்னும் மூன்று பேர் அந்தக் கேள்வியில் சிக்கினார்கள். மூவரும் இரைச்சல் வந்த முதல் நாளே. யாருக்கும் காது போகவில்லை.

அவள் ஓய்வு பெற்ற நாள் எப்படி இருந்தது என்று மணல்மேட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நாற்காலி போதாமல் மருந்துப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்தார்கள். ஊதாச் சோளப் பானம் இரண்டு பானை தீர்ந்தது. எவாரிஸ்தோ தலை நரைத்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். பழக்க தோஷத்தில் அவள் கண் நேரே அவன் காலருக்குத்தான் போனது. முழுசாக இருந்தது.

"இரைச்சல் நின்னுடுச்சா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இல்ல நர்ஸம்மா. இடது காதுல இன்னும் கொசு இருக்கு. அது போகாது."

அவளுக்கு அந்தப் பத்தொன்பது ஊசியும் நெஞ்சில் வந்து குத்தின. தலை குனிந்தாள்.

"ஆனா காலரக் கடிக்கிறத விட்டுட்டேன்" என்றான் அவன். "ஊர்ல என்னை நெனச்சுக் கவலைப்பட்டுப் பேசிக்கிட்டே இருக்கறது நீங்க ஒருத்தர்தான். நான் காலரக் கடிச்சு, நீங்க போய் நாக்கைக் கடிச்சுக்கலாமா?"