அத்தை பிடித்த கைப்பிடி

அந்த மெஷினுக்கு நான் பயந்த மாதிரி பேய்க்குக்கூட யாரும் பயந்திருக்க மாட்டார்கள். சிரிக்காதீர்கள். எழுபதுகளின் கடைசியில் ஒரு சனிக்கிழமை, ஆம்பூரிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து, சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மேஜைமேல் அதை இறக்கினாள் என் அத்தை, அப்பாவின் அக்கா. கையால் சுற்றுகிற பழைய தையல் மெஷின். மிஷன் பங்களாவில் இருந்த வெள்ளைக்கார அம்மா ஒருத்தி ஊருக்குத் திரும்பும்போது அத்தையின் மாமியாருக்குக் கொடுத்துவிட்டுப் போனது. கறுப்பு உடம்பில் பொன் எழுத்துகள் பாதி தேய்ந்திருந்தன. மரமூடியைத் திறந்தால் எண்ணெயும் பதனிட்ட தோலும் கலந்த வாடை.

“இனிமே இது உன்னுதுடி. பத்திரமா வச்சிக்கோ,” என்றாள். காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

அத்தைக்கு ஒரே பிள்ளை. ஆம்பூரில் தோல் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசர். நல்லவன்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கல்யாண வயசில் பிள்ளையை வைத்திருக்கிற அத்தை, தம்பி மகளுக்கு இப்படி ஒரு பொருளைக் கொண்டுவந்து கொடுத்தால், எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம். எனக்கோ நர்ஸ் டிரெயினிங் மேல் உயிர். விண்ணப்பம் போட்டுவிட்டு, தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அதனால் மெஷினைத் தொடவே இல்லை. அதில் ஒரு தலையணை உறை தைத்தால்கூடச் சம்மதம் என்று ஆகிவிடுமோ என்று பயம்.

காரியத்தைக் கெடுத்தது என் அப்பா. வெள்ளந்தி மனுஷன். மறுநாள் ஞாயிறு ஆராதனையில் கடவுளுக்கு நன்றியாகப் பணம் போடும் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் காரணத்தை எழுதிப் போட்டுவிட்டார். எங்கள் சபையில் அந்தக் காரணங்களை எல்லாருக்கும் கேட்கும்படி வாசிப்பது வழக்கம். பிறந்தநாள், காய்ச்சல் சுகமானது, வேலை நிரந்தரமானது என்று வரிசையாக வாசித்துக்கொண்டு வந்த போதகர், “மகளுக்கு அத்தை வீட்டிலிருந்து தையல் மெஷின் கிடைத்தபடியால்” என்றாரே பார்க்கலாம்! பெண்கள் பக்கத்தில் அத்தனை முக்காடும் என்னை நோக்கித் திரும்பின. வெளியே வருவதற்குள், “இன்னாடி, சொல்லவே இல்ல? எப்ப கல்யாணம்?” என்று கன்னத்தைக் கிள்ள ஆரம்பித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அழுதேன். “நான் இன்னா தப்பா எழுதிட்டேன்? வந்துச்சு, எழுதினேன்,” என்றார் அப்பா.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “சபையில வாசிச்சாச்சு. இனிமே இல்லன்னு சொன்னா உங்கக்காவுக்கு எவ்ளோ அவமானம்? உங்கள உண்டு இல்லன்னு ஆக்கிடுவாங்க.”

அப்பாவுக்கே அக்கா என்றால் நடுக்கம். எனக்காக அவரா பேசப்போகிறார்?

கொஞ்ச நாளில் டிரெயினிங்கில் இடம் கிடைத்துவிட்டது. வெள்ளைச் சீருடை தைத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். சந்தோஷப்படவும் பயமாக இருந்தது. அம்மா துணி வாங்கி வெட்டி வைத்தாள். வீட்டில் மெஷின் இருக்க, பக்கத்து வீட்டு மெஷினில் தைத்துக்கொள்வதாகத் திட்டம். கூத்துதான், வேறென்ன சொல்ல.

வெட்டிய துணி மேஜையில் கிடக்கும்போதே அத்தை வந்து நின்றாள். அப்பா கொல்லைப்பக்கம் நழுவினார்.

“ஊரே பேசுது, நாளக் குறிச்சிடலாம்னு வந்தேன்,” என்றவள், மேஜையைப் பார்த்தாள். “இது இன்னா துணி?”

“யூனிபார்ம், அத்தே. நர்ஸ் டிரெயினிங் கெடச்சிருக்கு. நான் போறேன். கல்யாணம் வேணாம் அத்தே.”

கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அத்தை மேஜைப் பக்கம் திரும்பினாள். மெஷினின் மூடியைத் திறந்தாள். நூல் கோத்தாள். “உக்காரு,” என்றாள்.

கை மெஷினில் ஒரு கை சுற்றுவதற்குப் போய்விடும். துணியைப் பிடிக்க மற்றொரு கைதான் மிச்சம். நீளமான தையல் என்றால் ஒருத்தர் சுற்ற, இன்னொருத்தர் இரண்டு கையாலும் துணியைப் பிடிக்கவேண்டும். அத்தை கைப்பிடியைப் பிடித்தாள். என் விரல்கள் ஊசிக்குப் பக்கத்தில் இருந்தன. அத்தையின் ஆள்காட்டி விரலில் இதே மெஷின் போட்ட தழும்பு உண்டு. இப்போதுதான் அவள் பிள்ளையை வேண்டாம் என்றிருக்கிறேன். அவள் ஒரு சுற்று வேகமாகச் சுற்றினால் போதும். உள்ளங்கை வேர்த்து வெள்ளைத் துணி ஈரமானது.

சக்கரம் நகர்ந்தது. மெதுவாக, ரொம்ப மெதுவாக. கைப்பிடி பாதிச் சுற்றில் நின்றுவிடவே, நிமிர்ந்தேன். அத்தையின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

“என் மூஞ்சிய ஏன்டி பாக்குற? துணியப் பாரு,” என்று அதட்டினாள். “ஊசி வெரல்ல ஏறிச்சுன்னா, டிரெயினிங்ல உன்ன எவ சேத்துக்குவா?”