பின்சில்லில் இறுகிய நட்

கரடியனாற்றுக்கு அப்பால், வயல் வட்டைகளுக்கு நடுவே போகும் கிறவல் மண் ரோட்டில் மோட்டார் சைக்கிளின் செயின் கழன்றது. கழன்ற செயின் பின்சில்லின் பல்சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையில் போய்ச் சிக்கிக்கொண்டது. சில்லு அப்படியே பூட்டிவிட்டது. சைக்கிளை உருட்டக்கூட முடியவில்லை.

பின்னால் இருந்தவர் மீன் வியாபாரி. ஏறாவூர்க்காரர், அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிடுவேன். அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. பொய்க்காலும் கையில் ஓர் இரும்புக் குழாயுமாக நூறடி நடப்பார், அதற்கு மேல் முடியாது. அதனால்தான் மோட்டார் சைக்கிள் ஓட்ட என்னை வைத்திருந்தார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பாசிக்குடாவில் ஹோட்டல் சமையலறை, வாகரையில் வலை இழுப்பு என்று பலதும் பார்த்துவிட்டு அவரிடம் வந்து நாலு மாதம்.

வெள்ளாமை விளைந்து நின்றது. அந்தப் பருவத்தில் பொழுது படும்போது காட்டிலிருந்து யானைகள் வயலுக்கு இறங்கும். சூரியன் ஏற்கனவே பனைக்குக் கீழே போயிருந்தது. காக்கா போனைக் காதில் வைத்துப் பார்த்தார். ஊரில் இருந்த அவருடைய மச்சான்காரன் எடுக்கவில்லை.

"எவ்வளவு நேரம் சுணங்கும்?"

"நட்டைக் கழட்டினாச் சரி காக்கா. சில்லை முன்னுக்குத் தள்ளி செயினை எடுத்துப் போடலாம்."

செயினை இழுத்து வைக்கும் சின்ன நட்டுகள் இரண்டும் லேசாகக் கழன்றன. அச்சின் பெரிய நட் அசையவில்லை. அசையாது என்பது எனக்குத் தெரியும். போன கிழமை அவர் செயினை இறுக்கச் சொன்னபோதும் அது அசையவில்லை. ஸ்பனரோடு அரை மணித்தியாலம் மல்லுக்கட்டிவிட்டு, "இறுக்கிப் போட்டன் காக்கா" என்று சொல்லியிருந்தேன்.

கல்லால் நட்டைச் சுற்றித் தட்டினேன். எஞ்சின் எண்ணெய் பார்க்கும் குச்சியை உருவி, அதன் நுனியில் தொங்கிய துளியைப் புரியில் விட்டேன். பத்துத் தடவையாவது முக்கி முக்கி விட்டிருப்பேன். பிறகு ஸ்பனரைப் போட்டு இழுத்தேன். அது வழுக்கியது. சட்டத்தில் மோதி என் விரல் மொளிகள் இரண்டு கிழிந்தன. நட்டின் ஒரு மூலை மழுங்கிவிட்டது. இன்னும் ஒன்றிரண்டு மூலை போனால் ஸ்பனர் பிடிக்க இடமிருக்காது.

காக்கா குனிந்து நட்டில் விரலைத் தேய்த்தார். செம்மஞ்சள் துருவோடு வெள்ளையாக ஏதோ ஒட்டியது. நாக்கில் வைத்தார்.

"உப்பு."

"மீன் பெட்டியால ஒழுகுறதுதானே காக்கா."

"பெட்டி ஓட்டை மற்றப் பக்கம். சைக்கிளை எங்க கழுவுற?"

நான் எண்ணெய்க் குச்சியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஆத்துல."

எங்கள் பக்கத்தில் வாவியை ஆறு என்றுதான் சொல்வோம். பின்னேரம் எல்லோரும் மாட்டையும் லாண்ட்மாஸ்டர் உழவு மெசினையும் அதில்தான் இறக்குவார்கள். நானும் சில்லு பாதி அமிழ இறக்கி, மினுக்கிக் கொண்டுபோய் அவர் வாசலில் விடுவேன். "புதுமாப்பிள போல வச்சிரிக்கான்" என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்வார். வாவியில் கடல் கலந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியாததல்ல. கிணற்றில் அள்ளப் பஞ்சி, வெறும் சோம்பல்.

"செயினை இறுக்கினனெண்டு சொன்னயே."

"இறுக்கல்ல. அண்டைக்கும் நட் அசையல்ல."

அவர் ஏசுவார் என்று நின்றேன். தூரத்தில் காட்டோரமாக ஒரு வெடி கேட்டது. காவலுக்கு இருப்பவர்கள் யானைக்குப் போடும் வெடி. இரண்டாவது வெடி இன்னும் கிட்டக் கேட்டது.

"நீ ஓடித் தப்பிருவாய்," என்றார். "நான் என்னடா செய்யிற?"

"உட்டுட்டுப் போகமாட்டன் காக்கா."

"இதையும் இறுக்கிப் போட்டன் எண்டதப் போலத்தான் சொல்றயா?"

ஸ்பனரை மறுபடி கையில் எடுத்தேன். அவர் ஒரு கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையிலிருந்த குழாயை நீட்டினார். அது வளைந்தால் அந்த நூறடியும் அவருக்கு இல்லை. ஸ்பனரின் வாலை அதற்குள் நுழைத்தேன். சைக்கிள் சரியாமலிருக்க அவர் ஏறி உட்கார்ந்து பாரம் கொடுத்தார்.

முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு நெம்பு. இறுகிய துரு அப்படித்தான் உடையும் என்று வாகரையில் போட் எஞ்சின்களில் கண்டிருந்தேன். பிறகு ஸ்பனரைத் திருப்பிப் போட்டு, குழாயின் நுனியில் வயிற்றை வைத்துச் சாய்ந்தேன். குழாய் வளையத் தொடங்கியது கண்ணுக்குத் தெரிந்தது.

"வளையிது காக்கா."

"உடாத."

டக் என்றது. புரி முறிந்துவிட்டது என்றே நினைத்தேன். நட் கால் சுற்றுத் திரும்பியிருந்தது. காக்கா, "யா அல்லாஹ்" என்று மூச்சு விட்டார். பிறகு எல்லாம் கையாலேயே கழன்றது. சில்லை உதைத்து முன்னுக்குத் தள்ளி, செயினை உருவிப் பல்லில் மாட்டி, நட்டை இறுக்கினேன். என் விரல் ரத்தமும் எண்ணெயும் செயினில் பூசிக்கிடந்தன. வெளிச்சம் கொஞ்சம் இருக்கும்போதே பெரிய ரோட்டுக்கு ஏறினோம். யானையை நாங்கள் காணவில்லை.

ஏறாவூரில் அவர் வாசலில் நிறுத்தினேன். வளைந்த குழாயை ஊன்றிப் பார்த்தார். அது வழுக்கிக்கொண்டு போனது. என் தோளைப் பிடித்தார். முழுப் பாரமும் என் மேல் இறங்கியது. படியில் அவரை இருத்திவிட்டுச் சாவியை நீட்டினேன்.

"நாளைக்கு வாறயா?"

"வாறன்."

"வெள்ளனா வா. கிணத்தடியில வாளி இரிக்கு."

சாவியை அவர் வாங்கவில்லை.