இருபத்தெட்டு வருஷமா தப்பான தெருவுல ஆரம்பிச்சேன்

இப்ப நடக்குற இந்த உலகச் சண்டை மூளறதுக்கு மின்ன வருஷம், பங்குனி மாசம். பாகூர் பக்கம் ஏரிப் பாசனத்துல இருக்குற ஒரு ஊரு. பேரு வேணாம். அங்க எனக்கு இன்னும் சொந்தக்காரங்க இருக்காங்க, போனா சோறு போடுறாங்க, அதக் கெடுத்துக்குவானேன். நான் பிரெஞ்சு சர்க்கார்ல அம்மை குத்துற உத்தியோகம். வேலைய வுட்டு நிக்க இன்னும் ரெண்டே மாசம்.

வில்லியனூர்லேருந்து பாகூர் வரைக்கும் சைக்கிள்ல சுத்தி, புள்ளைங்க கையில கீறி அம்மைப்பாலு வச்சவன் நான். அதுல எனக்குக் கெடச்ச மரியாதையக் கேளுங்க. பேய்க்குப் பயப்படாத புள்ளைங்க என் சைக்கிள் மணி கேட்டா வைக்கப்போர்ல பூந்துக்கும். ஒரு ஊர்ல ஒரு அம்மா, புள்ளைய நெல்லுக்குதிருக்குள்ள ஒளிச்சு வச்சுட்டு, "எனக்குப் புள்ளையே இல்ல சாமி"ன்னு கற்பூரம் அடிக்காத குறையா சத்தியம் பண்ணுச்சு. குதிரு தும்முச்சு.

சரி, விஷயத்துக்கு வரேன். அம்மைப்பாலுன்னா அம்மை வராம தடுக்குற மருந்து, மெல்லிசான கண்ணாடிக் குழாயில வரும். டவுன்ல வாங்கி, ஈரத்துணி சுத்தி, மண்சட்டியில வச்சு எடுத்தாருவேன். சூடு பட்டா அது செத்துப்பூடும். அப்புறம் அதக் குத்துறதும் ஒண்ணு, கருவேல முள்ளால குத்துறதும் ஒண்ணு. இது எனக்கு நல்லாத் தெரியும். பரீட்சை எழுதி பாஸ் பண்ணவன்.

ஆனா ஊருக்குள்ள நுழைஞ்சா, என் காலு அதுவா மிராசுதார் வூட்டுக்குத்தான் போவும். அங்க நாற்காலி, மோரு, ஊர்க்கதை. அவுரு வூட்டுப் புள்ளைங்களுக்கு முதல்ல. அப்புறம் ஊர்த்தெரு. எல்லாம் முடிச்சு, வாய்க்காலத் தாண்டி சேரிக்குப் போகச்சொல்ல வெயிலு மண்டையப் பொளக்கும். அப்புடிப் போகணும்னு சர்க்கார் எழுதி வைக்கல, யாரும் எனக்கு உத்தரவு போடல. எனக்கு முந்தி இருந்தவரு அப்புடிப் போனாரு, நானும் போனேன்.

ஒரு வாரம் கழிச்சு திரும்ப வந்து கையப் பாக்கணும். கீறுன எடத்துல கொப்புளம் எழும்பியிருந்தா பாலு புடிச்சிருக்கு, புள்ள தப்பிச்சுதுன்னு அர்த்தம். ஊர்த்தெருவுல புடிக்கும். சேரியில பாதிக்குமேல புடிக்காது. நான் இன்னா எழுதுவேன் தெரியுமா? 'உடம்புவாகு.' கஞ்சி குடிக்கிற உடம்பு, பாலு ஏத்துக்கலன்னு நானே ஒரு வைத்திய சாஸ்திரம் கண்டுபுடிச்சு வச்சிருந்தேன். இருபத்தெட்டு வருஷம்.

அந்தப் பங்குனியில சேரியில கை பாக்கப் போனேன். நடவு வேலைக்குப் போற ஒரு பொண்ணு, இடுப்புல ரெண்டு வயசுப் பையன். கையி வழவழன்னு இருந்துச்சு, புடிக்கல. நான் பென்சிலை எடுத்தேன். அது என்னையே பாத்துக்கினு இருந்துச்சு.

"சாமி, காலையில கடைஞ்ச மோரு உச்சிப்பொழுதுல புளிக்குமா, புளிக்காதா?"

"புளிக்கும்மா."

"உங்க பாலு மட்டும் புளிக்காதா? எங்க தெருவுக்கு நீங்க வரச்சொல்ல வெயிலு எங்க நிக்குதுன்னு ஒரு நாளாவது அண்ணாந்து பாத்திருக்கீங்களா?"

நான் ஏதோ சொல்ல வாயத் தொறந்தேன். அது வுடல.

"இவனுக்கு மூத்தது ஒண்ணு இருந்துச்சு. ரெண்டு தபா நீங்கதான் குத்துனீங்க. ரெண்டு தபாவும் புடிக்கல. ஆத்தா கொண்டுபூட்டா. இவனையாவது வுட்டு வைங்க."

எனக்கு எப்பவும் வாயில ஒரு வேடிக்கைப் பேச்சு தயாரா இருக்கும். அன்னிக்குப் பென்சிலைப் பையில போட்டுக்கினு கெளம்பிட்டேன். வூட்டுக்கு வந்து பழைய நோட்டுங்கள எடுத்துப் பொரட்டுனேன். எந்த ஊரா இருந்தாலும் அதே கதைதான். ஊர்த்தெருப் பக்கம் பூரா புடிச்சுது, கடைசியில சேரிப் பக்கத்துல பாதிக்குமேல உடம்புவாகு. எல்லாம் என் கையெழுத்து, அழகா வேற இருந்துச்சு.

பத்து நாள்ல பக்கத்துல, இங்கிலீஷ்காரன் எல்லையில இருக்குற ஊர்ல வைசூரி கண்டிருச்சுன்னு சேதி வந்துச்சு. நடுவுல ஒரு கரும்புத் தோட்டந்தான். திரும்ப எல்லாருக்கும் குத்தச் சொல்லி எனக்கு உத்தரவு. குழாய வாங்கிக்கினு கெளம்புனேன். சூரியன் பனைமரத்துக்கு மேல வரல, நான் வாய்க்காலத் தாண்டி நேரா சேரிக்குள்ள போயிட்டேன். அந்தப் பொண்ணு பையனைத் தூக்கிக்கினு வந்து, அவன் கைய நீட்டுச்சு. அவன்தான் முதல் கீறல்.

மிராசுதார் வூட்டுல நாற்காலி போட்டுக் காத்துக்கினு இருந்திருக்காங்க. ஆளு வந்தான். "ஐயா கூப்புடுறாரு." "முடிச்சுட்டு வரேன்னு சொல்லு"ன்னேன். கொஞ்ச நேரத்துல அவரே குடையப் புடிச்சுக்கினு வந்து வாய்க்காலுக்கு அந்தாண்ட நின்னாரு. இந்தாண்ட காலு வைக்கல.

"இன்னாயா, புத்தி கெட்டுப்போச்சா? அங்க வச்ச கத்திய எடுத்தாந்து எம் பேரன் மேல வப்பியா?"

"ஒவ்வொரு தபாவும் வெளக்குல காட்டிச் சுட்டுட்டுத்தான் வைக்கிறேன். நெருப்புக்கு எந்தத் தெருன்னு தெரியாதுங்க."

"எப்பவும் எங்க ஆரம்பிப்ப?"

"எப்பவும் தப்பா ஆரம்பிச்சேங்க."

இதக் கேட்டு என்னைப் பெரிய வீரன்னு நெனைச்சுடாதீங்க. அவரு முகத்தப் பாக்காம குழாயப் பாத்துக்கினேதான் சொன்னேன். அவரு, "ரெண்டு மாசத்துல போறவன், ஒழுங்காப் போவ மாட்ட"ன்னு சொல்லிட்டுக் குடையத் திருப்பிக்கினு போனாரு. நான் அடுத்த கையப் புடிச்சேன்.

அவரு போயி கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு வேடிக்கை. அவரோட மருமக, முக்காடு போட்டுக்கினு, புள்ளையத் தூக்கிக்கினு வாய்க்கால்ல எறங்கி வருது. பட்டுப்பொடவை முட்டி வரைக்கும் நனைஞ்சுபோச்சு.

"சீக்கிரம் குத்துங்க. மாமனார் கழனிப்பக்கம் போயிருக்காரு."

சேரிப் பொண்ணுங்க வழி வுட்டுச்சு. மருமக அந்த வழியில வராம வரிசையில கடைசியா போயி நின்னுச்சு. அந்த ஒரு காட்சிக்கே எனக்கு ரெண்டு மாசச் சம்பளம் குடுத்தா மாதிரி இருந்துச்சு.

சேரிய முடிச்சுட்டு, இந்தத் தபா மோரு, ஊர்க்கதை இல்லாததால வெயிலு ஏறுறதுக்குள்ள ஊர்த்தெருவுக்கும் போனேன். போன தபா குத்தாம வுட்டுப்போன புள்ளைங்க இருந்த சில வூட்டுலயும் கதவச் சாத்துனாங்க. சில வூட்டுல, "இன்னாத்த பண்றது, வைசூரி வருதே"ன்னு முணுமுணுத்துக்கினே புள்ளையக் காட்டுனாங்க.

மிராசுதாரோட பெட்டிசன் எனக்கு முந்தி டவுனுக்குப் போயிருச்சு. பெரிய டாக்டர் துரை கூப்புட்டனுப்புனாரு. அவரு பிரெஞ்சுல பேச, குமாஸ்தா ஒருத்தரு தமிழ்ல சொன்னாரு. சங்கதி இதான்: எனக்கு வழியனுப்பு விழாவும் மெடலும் ஏற்பாடாகியிருக்கு. நான் ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும். 'வயசாச்சு, அன்னிக்குத் தடுமாறி வரிசைய மாத்திப்புட்டேன், மன்னிக்கணும்.' குமாஸ்தாவே கனிவா எழுதி, கையெழுத்துக்கு எடமும் வுட்டு வச்சிருந்தாரு.

"தடுமாறுனது நெசந்தான். ஆனா அன்னிக்கு இல்ல, அதுக்கு மின்ன இருபத்தெட்டு வருஷம். அதுக்கு வேணா மன்னிப்பு எழுதறேன், பக்கம் பக்கமா எழுதறேன்னு துரைகிட்ட சொல்லுங்க"ன்னேன்.

குமாஸ்தா என்னைப் பாத்தாரு, துரையப் பாத்தாரு. எவ்வளவு தூரம் சொன்னாரோ தெரியாது, என் பேச்சவிட அவரு பிரெஞ்சு ரொம்பச் சின்னதா இருந்துச்சு. துரை அந்தக் காகிதத்த மடிச்சு மேசைக்குள்ள வச்சாரு. விழா நடக்கல, மெடலும் வரல. எம் பொண்டாட்டிகிட்ட சொன்னேன். "வந்திருந்தா மட்டும் எங்க மாட்டிக்குவ? இருக்குற சட்டையில நெஞ்சுப்பக்கந்தான் கிழிஞ்சிருக்கு"ன்னு ஊசிநூலத் தேடப் போயிட்டா.

ஆனா ஒரு வாரம் கழிச்சு கை பாக்கப் போனேன் பாருங்க. சேரியில வரிசையா கைய நீட்டுனாங்க. கொப்புளம், கொப்புளம், கொப்புளம். அந்தப் பையன் கையில முத்து மாதிரி எழும்பியிருந்துச்சு. எனக்குக் குதிக்கணும்போல இருந்துச்சு. அவன் அம்மா ஏதாவது ரெண்டு நல்ல வார்த்தை சொல்லும்னு, வெக்கத்த வுட்டுச் சொல்றேன், காத்துக்கினு நின்னேன்.

அது கொப்புளத்தப் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு. "புடிச்சிருச்சு. இத மின்னாடியே செஞ்சிருக்கலாமே"ன்னுச்சு. அவ்வளவுதான். பையனத் தூக்கிக்கினு உள்ள பூடுச்சு.

அந்தச் சித்திரையில வைசூரி அந்த ஊருக்குள்ளயும் வந்துச்சு. கதவச் சாத்துன வூட்டுங்கள்ல ரெண்டுல பூந்துச்சு. வாய்க்காலத் தாண்டல. இதச் சொல்றதுல எனக்கு ஒரு சந்தோஷமும் இல்ல, அந்த வூட்டுப் புள்ளைங்களும் என் புள்ளைங்கதான். ஆனா நடந்தது நடந்ததுதான். சொல்லாம வுட மாட்டேன்.

எல்லாம் நல்லா முடிஞ்சுதேன்னு சிலபேரு என்னைத் தட்டிக்குடுக்குறாங்க. அந்த மூத்த புள்ளைக்கு நல்லா முடியல. அந்தப் பொண்ணு என்னை மன்னிக்கல, மன்னிக்கணும்னு நானும் கேக்கல. ஆனா வாயி இன்னும் எங்கிட்டதான் இருக்கு. ரேஷனோ, ஏரித்தண்ணியோ, கோயில் பிரசாதமோ, யாராவது "எப்பவும் இப்புடித்தான் குடுக்குறது வழக்கம்"னு ஆரம்பிச்சா, "சரி, கடைசியில நிக்கிறது யாரு, அவங்ககிட்ட வர்றச்சொல்ல அதுல இன்னா மிச்சம் இருக்கும்"னு கேப்பேன். கெழவனுக்கு வேற வேலை இல்லன்னு சொன்னாலும் திரும்பக் கேப்பேன்.